விளக்கடியில் வைத்த நோயெல் கள்ளி

என் செல்லமே அமலி,

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் கேட்பாய். அது சாகவில்லை. சாகிற அளவுக்குக் கொண்டுபோனது நானும் உன் அம்மாவும்தான். அதை மறைக்காமல் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் அதற்கு அவசியம் வரவில்லை. நெல்லித்தோப்பு வீட்டை விட்டு நீ ஒரு வாரம் சேர்ந்தாற்போல் எங்கும் தங்கியதில்லை. கடிதம் என்றால் மற்றவர்களுக்கு வருவதை நீ படித்துக் காட்டுவாய், அவ்வளவுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்தவர்களின் மனைவிமார் பென்ஷன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போய் ஏழு வருஷம் ஆகிறது, அந்தக் காகிதங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. படித்துச் சொல்லத்தான் ஆளில்லை. போன வாரம் ஒரு அம்மா என்னிடம் ஒன்றை நீட்டினாள். மூக்குக் கண்ணாடி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "அழுதுடுங்க சவரி, மனசு லேசாவும்" என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல உன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. காலையில் பம்பு வீட்டுக்குப் போகிறேன், எஞ்சினைக் கிளப்புகிறேன், ஊருக்குத் தண்ணீர் போகிறது, மாலையில் வீட்டுக்கு வருகிறேன். இதைச் செய்ய மனசு தேவைப்படவில்லை.

சரி, செடிக்கு வருகிறேன்.

அது நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். எனக்குத்தான் திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நீ பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் தாயார், அந்தப் பிரெஞ்சுக்கார மதாம், ஊரைக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறியபோது உன்னிடம் கொடுத்தாள். "காக்துய்ஸ் தெ நோயெல்" என்று அவள் சொன்னதை நீ வீட்டுக்கு வருவதற்குள் நோயெல் கள்ளி ஆக்கிவிட்டாய். கிறிஸ்துமஸ் சமயத்தில் பூக்கும் கள்ளி. தட்டையான பச்சைத் துண்டுகள், ஒன்றின் நுனியில் ஒன்று முளைத்து, தொட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. "கள்ளின்னு சொல்ற, முள்ளே காணோமே" என்றேன். "வீட்டுல நீங்க இருக்கீங்க, முள்ளு வேற எதுக்குப்பா?" என்றாய். வாய்க்கொழுப்பு என்று அன்றைக்குத் திட்டினேன்.

நீ அதைக் கொல்லைப்புற ஜன்னலில் வைத்திருந்தாய். வருஷம் தவறாமல் டிசம்பரில் நுனிக்கு நுனி சிவப்பாகப் பூத்தது. நீ அதற்கு என்ன செய்தாய், எப்போது தண்ணீர் விட்டாய், நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. பூத்தால் "பூத்துடுச்சா" என்பேன். அதோடு சரி.

நீ போன பிறகு உன் அம்மா அதை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், அதற்குக் கீழே உன் படம், அதற்கும் கீழே ஒரு பலகை. பலகையில் அவள் பின்னிய லேஸ் துணி, துணி நனையாமல் இருக்க ஒரு பீங்கான் தட்டு, தட்டில் தொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிவப்பு பல்ப். முன்பெல்லாம் மாலை ஜெபத்துக்கு அதைப் போடுவோம், ஜெபம் முடிந்ததும் அணைப்போம். நீ காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும் அது விடிய விடிய எரிந்தது. அதற்குப் பிறகு அணைக்கவே இல்லை. அணைக்கக் கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். சின்ன வயதில் நீ இருட்டைக் கண்டால் அலறுவாயே, அது அவளுக்கு மறக்கவில்லை. இரண்டு தடவை பல்ப் போனது. இரண்டு தடவையும் அன்றைக்கே நான் மாற்றினேன். எனக்கு வேறு காரணம் இருந்தது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த காரணம்.

கடைசி நாள் உன் அம்மா விடியற்காலைப் பூசைக்குப் போயிருந்தாள். நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "கண்ண மூடினாலும் செவப்பாவே தெரியுதுப்பா. வெளக்க அணைச்சிடுங்க" என்றாய். "கொஞ்சம் பொறும்மா, விடியட்டும்" என்றேன். அணைக்கவில்லை. அணைத்தால் உன் போர்வை ஏறி இறங்குவது எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவரைக்கும் அது நிற்காது என்று நினைத்தேன். நீ இன்னொரு தடவை கேட்டாய். அப்புறம் கேட்கவில்லை. உன் அம்மா முக்காட்டோடு வாசலில் கால் வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். எழுந்து இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். இதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை. இது எந்தப் பாவத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை.

நீ போன முதல் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் செடிக்கு நோய் வந்தது. துண்டுகள் துவண்டு தொங்கின. பச்சை போய் ஒரு மாதிரி கருஞ்சிவப்பு ஏறியது. தொட்டால் தோல் சுருங்கியது. தாகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். நான் தண்ணீர்க்காரன், எனக்கு அது ஒன்றுதானே தெரியும்? ஊற்ற ஊற்ற மேலும் வாடியது. பிறகு துண்டு துண்டாகக் கழன்று விழ ஆரம்பித்தது. உன் அம்மா விழுந்ததையெல்லாம் பொறுக்கி உன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். செடியும் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஏழுமலையை உனக்கு நினைவிருக்கும். பம்பு வீட்டில் என்னோடு முறை மாற்றிக்கொள்கிறவன். ரெட்டியார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு சாமந்தி போடுகிறான். அவனை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவன் இலையைப் பார்க்கவில்லை, குனிந்து மண்ணை முகர்ந்தான்.

"சாக்கட நாத்தம் அடிக்குதுண்ணே. யாரு இதுக்குத் தண்ணி ஊத்தறது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்று அதே நேரத்தில் சமையலறையிலிருந்து உன் அம்மா சொன்னாள்.

விஷயம் இதுதான். நான் மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு சொம்பு ஊற்றுவேன். அவள் விடியற்காலையில் பூசைக்குப் புறப்படும் முன் ஒரு தம்ளர் ஊற்றுவாள். ஆறு மாதமாக ஒருவருக்கொருவர் தெரியாமல் இப்படி நடந்திருக்கிறது. நான் ஏன் மறைத்தேன் என்றால், ஊற்றும்போது உன்னிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். அவளும் அதற்காகத்தான் மறைத்திருப்பாள், கேட்கவில்லை. தட்டில் தேங்கி நின்ற தண்ணீரை இரண்டு பேரும் ஒரு நாளும் கொட்டவில்லை.

"தண்ணியிலயே கெடந்து, தண்ணி இல்லாம சாவுதுண்ணே இது" என்றான் ஏழுமலை. சொல்லிக்கொண்டே தொட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினான். மண் கட்டி சேறாக வந்தது. வேர் பழுப்பாக ஊறிப்போய், இழுத்ததும் தோல் தனியாக உரிந்தது. வேர் அழுகிவிட்டால் செடி எதைக் கொண்டு குடிக்கும் என்று கேட்டான். மேலே வாடுவதைப் பார்த்து நாங்கள் இன்னும் ஊற்றினோம், அது இன்னும் அழுகியது. எத்தனை எளிய விஷயம், பார்.

"இத கள்ளின்னு யாரு சொன்னது? கணுவுல பாருங்க, வேரு தொங்குது. இது தரையில மொளைக்கிற சாதியே இல்ல. மரத்து மேல ஒண்டிக்கினு காத்தாட இருக்கற சாதி. கள்ளின்னு காய வுட்டாலும் சாவும், இப்பிடி முழுவ வுட்டாலும் சாவும்."

கத்தியை எடுத்ததும் உன் அம்மா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "அறுக்காத தம்பி. இன்னும் எத்தினி வாட்டிதான் அவள" என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் கொல்லைப்புறம் போய்விட்டாள். ஏழுமலை கத்தியைக் கீழே வைத்துவிட்டான். கெட்டியாக இருந்த நுனிகளை மட்டும் விரலால் திருகி, மூன்று மூன்று துண்டாக எடுத்தான். ஆறு தேறியது. அதைச் செய்தித்தாளில் பரப்பி வைத்துவிட்டு, "ரெண்டு நாளு நெழல்ல காயட்டும். தண்ணி காட்டாதீங்க. காயம் ஆறாம மண்ணுல வச்சா திரும்ப அழுவிடும்" என்றான்.

அந்த இரண்டு நாளும் உன் அம்மா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் லீவு போட்டுவிட்டுக் காவல் இருந்தேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவன் ஒரு தம்ளர் தண்ணீருக்குக் காவல் இருந்ததை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். மூன்றாம் நாள் ஆற்று மணல், மக்கிய இலைத்தூள், செங்கல் நொறுங்கல், கொஞ்சம் அடுப்புக்கரி எல்லாம் கலந்து சின்னத் தொட்டியில் நட்டோம். பீங்கான் தட்டை உன் அம்மாவே எடுத்து அலமாரியில் போட்டுவிட்டாள். மண்ணில் விரலை ஒரு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஒரு ஆள்தான் ஊற்ற வேண்டும் என்று ஏழுமலை கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு ஆள் என்றால் இன்னொரு ஆளைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? "ஊத்தியாச்சா?" "ஊத்தல." "ஊத்தட்டுமா?" "வேணாம், ஈரம் இருக்குது." நீ போனதிலிருந்து நானும் உன் அம்மாவும் பேசிக்கொண்டது அதுதான். சாப்பாட்டுக்குக் கூட அவள் தட்டை வைப்பாள், நான் உட்காருவேன். பேச ஆரம்பித்தால் உன்னில் போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆறில் நான்கு பிழைத்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நுனியில் புதுத் துளிர் வந்ததே தவிர பூ இல்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. வீட்டில் பலகாரம் செய்யவில்லை. இந்த வருஷம் ஜூன், ஜூலைக்கெல்லாம் செடி தொட்டியைத் தாண்டித் தொங்க ஆரம்பித்துவிட்டது. நீ வைத்திருந்ததைவிடத் தடிமனான துண்டுகள். உன் பெலிசி சித்தி வந்து பார்த்துவிட்டு, "இந்த நோயெலுக்குப் பூத்துடும்க்கா" என்றாள். அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "பூத்துதுன்னா அவ அங்க நல்லா இருக்கான்னு அர்த்தம்" என்றாள். பூக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் ஒவ்வொரு நுனியையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்ப்பதைப் பார்த்தேன். அக்டோபர் பிறந்தும் ஒரு நுனியிலும் ஒன்றும் இல்லை. அவள் சாப்பாடு குறைந்தது.

பம்பு வீட்டில் ஏழுமலையிடம் சொன்னேன். செடி கொழுகொழுவென்று இருக்கிறது, மொட்டு வரவில்லை, உரம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றான். இடத்தை மாற்றவில்லை என்றேன். அந்தப் பல்ப் இன்னும் எரிகிறதா என்றான். எரிகிறது என்றேன்.

"அதான்" என்றான். "எங்க ரோட்டோரமா வெளக்கு போட்டு கரண்டு கம்பம் நட்டாங்க இல்ல? அந்தக் கம்பத்துக்குக் கீழ இருக்கற சாமந்தி மட்டும் ஆளு ஒசரம் எல விட்டுக்கினு நிக்குது, ஒரு பூ இல்ல. பத்து அடி தள்ளி இருக்கறது கொத்துக் கொத்தா பூக்குது. மொதல்ல எனக்கும் வெளங்கல. செடிக்கும் ராத்திரின்னு ஒண்ணு வேணும்ணே. விடிய விடிய வெளக்கு எரிஞ்சா அது எப்பிடி மொட்டு வைக்கும்? ஆறு மணிக்கு மேல இருட்டுல வுடுங்க. ஒரு மாசம், ஒண்ணர மாசம்."

நான் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டேன். விளக்கை அணையுங்கள் என்று இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். நம்முடையது ஒரு அறையும் ஒரு சமையலறையும். சமையலறையில் புகை. உன் பழைய ஜன்னலுக்கு நேர் எதிரே சந்தில் புதிதாகத் தெரு விளக்கு போட்டுவிட்டார்கள், இரவு முழுக்கப் பளிச்சென்று எரிகிறது. எப்படியும் உன் படத்தை விட்டு அந்தச் செடியை நகர்த்த உன் அம்மா விடமாட்டாள். ஒரு மூங்கில் கூடையை எடுத்துவந்து செடியின் மேல் கவிழ்க்கப் போனேன். அவள் கூடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மூடாதீங்க. ஒரு வாட்டி மூடினது போதும்."

கூடையைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். இனி அணைக்க வேண்டியது பல்ப்தான். ஏழுமலை சொன்னதை மட்டும் சொல்லியிருக்கலாம், சாமந்தி, கரண்டுக் கம்பம், அவ்வளவு போதும். அவள் அதற்கு, புள்ள இருட்டுல பயப்படுவா என்பாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஒரு வாரம் அதை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவ சொன்ன வார்த்தைய அப்பிடியே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.

"இன்னொரு வாட்டி."

சொன்னேன்.

"நான் எங்கன்னு கேட்டாளா?"

கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய் யாரையும் ஒன்றும் செய்திருக்காது. "கேக்கல" என்றேன்.

அவள் மீனை அலசினாள். ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்று தண்ணீர். பிறகு தலையைத் தூக்காமல், "இத்தினி நாளா இத நெஞ்சுல வச்சிக்கினு என் எதிர்ல ஒக்காந்து சோறு துன்னீங்க" என்றாள். சாப்பிட்டீங்க என்றுகூடச் சொல்லாமல் அவள் என்னிடம் அப்படி மரியாதை குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் பேச்சு இல்லை. "ஊத்தியாச்சா" என்பது கூட நின்றுபோனது. நான் விரலை விட்டுப் பார்ப்பேன், அவளும் எனக்குத் தெரியாமல் பார்த்திருப்பாள். பல்ப் எரிந்துகொண்டிருந்தது. நானே அணைத்துவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். உனக்காக அணைக்க வேண்டிய அன்றைக்கு அணைக்காதவன், ஒரு பூவுக்காக அணைக்கலாமா என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன்.

நான்காம் நாள் கோயிலில் ஆறு மணித் திரிகால மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்து நின்று ஜெபம் சொன்னோம். சொல்லி முடித்து சிலுவை போட்டுக்கொண்டு உன் அம்மா நேராகச் சுவர் பக்கம் போனாள். சுவிட்ச் அவளுக்கு எட்டாது, எப்போதும் நான்தான் போடுவேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். நீ படுத்திருந்தபோது நான் உட்கார்ந்திருந்த அதே ஸ்டூல். அணைத்துவிட்டு இறங்க அவளுக்குத் தடம் தெரியவில்லை. நான் போய்க் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அன்றிலிருந்து ஐந்தரைக்கே சாப்பாட்டை முடித்துக்கொள்கிறோம். மணி அடித்தால் இருட்டு. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் பாயில் உட்கார்ந்திருந்தோம். உன் படம் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்த வெளிச்சத்தில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊமையாக இருந்தவர்கள் நாங்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் கேட்டாள்.

"ரெண்டாவது வாட்டி கேட்டப்ப கோவமா கேட்டாளா?"

"இல்ல. சலிச்சிக்கினு கேட்டா. கொழம்புல உப்பு இல்லன்னா சொல்லுவாளே, அப்பிடி."

உன் அம்மா சிரித்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை, ஆனால் அது சிரிப்புதான். அவள் குழம்பில் உப்பு எப்போதுமே கம்மி என்று நீ சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்குத் தெரியாதது நிறைய இருந்தது. நீ மதாம் வீட்டில் ஒரு ஜாடியை உடைத்துவிட்டு அதை அம்மாவிடம் மட்டும் சொன்னாயாமே? எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் அவ்வளவு திட்டுகிறவனா?

போன வியாழக்கிழமை கல்லறைத் திருநாள். வழக்கம்போல எல்லாக் குடும்பமும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தது. கல்லைக் கழுவி, பூ வைத்து, பொழுது சாய்ந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். உனக்குத் தெரியுமே, அந்த ஒரு மாலை அங்கே இருட்டு என்று ஒரு இடம் இருக்காது. ஏழுமலை கொடுத்தனுப்பிய சாமந்தியை உன் கல்லின் மேல் வைத்தோம். உன் அம்மாவின் கூடையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி இருந்தது. அவள் அதை எடுக்கவே இல்லை.

பெலிசி சித்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஒண்ணாவது ஏத்துக்கா. அல்லாரும் பாக்கறாங்க. பெத்த புள்ளைக்கு ஒரு மெழுவத்திக்குக் கூட வக்கில்லையான்னு பேசப்போறாங்க."

"அவளுக்குக் கண்ணு கூசுதுடி" என்றாள் உன் அம்மா.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உன் அம்மா எழுந்து, இரண்டு வரிசை தள்ளி யாரும் வராமல் கிடந்த ஒரு பழைய கல்லில் அந்த மெழுகுவர்த்தி முழுவதையும் ஏற்றிவிட்டு வந்தாள். ஆனால் பக்கத்துக் குடும்பம் வரிசையாக முப்பது நாற்பது ஏற்றி வைத்திருந்தது. அந்த வெளிச்சம் உன் கல்லின் மேல் அப்படியே விழுந்தது. அவர்களை என்ன சொல்ல முடியும்? உன் அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த மெழுகுவர்த்திகளுக்கும் உன் கல்லுக்கும் நடுவில் போய், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் நிழல் உன் பெயரின் மேல் விழுந்தது. கல்லில் பாதிக்குத்தான் எட்டியது.

நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீதிப் பாதி இருட்டாயிற்று.

அழுதீர்களா அப்பா என்று கேட்பாய். இல்லை. ஆனால் முதுகில் மெழுகுவர்த்தியின் சூடு உறைத்தது. இந்த இரண்டு வருஷத்தில் என் உடம்புக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். கடைசி மெழுகுவர்த்தி அணைகிறவரைக்கும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது உன் அம்மாவுக்குக் கால் மரத்துவிட்டது, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நேற்று காலை செடியின் இரண்டு நுனிகளில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பாக ஏதோ வந்திருக்கிறது. மொட்டா, இல்லை புதுத் துளிரா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறான் ஏழுமலை. தொடவும் கூடாது, தொட்டியைத் திருப்பவும் கூடாதாம், திருப்பினால் உதிர்ந்துவிடுமாம். உன் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறாள். பூத்தால் என்ன அர்த்தம், பூக்காவிட்டால் என்ன அர்த்தம் என்ற பேச்சை அவள் இப்போது எடுப்பதில்லை.

அது பூக்கட்டும், பூக்காமல் போகட்டும், அமலி. மணி அடித்ததும் விளக்கை அணைத்துவிடுவேன். நான் இருக்கிறவரைக்கும் உன் கண்ணில் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்கிறேன். நீ தூங்கு.

இரண்டாம் தடவை நீ கேட்டதும் எழுந்திருக்க வேண்டிய
உன் அப்பா,
சவரி
நெல்லித்தோப்பு, புதுச்சேரி